தம்பி விட்டுச் சென்ற கட்சி, அண்ணன் சுமந்த பாரம்



வாரிசு அரசியல் நல்லதா, கெட்டதா என்ற தலைப்பில் ஈப்போவில் ஒரு தொலைக்காட்சிக் கருத்துமேடையை ஒளிப்பதிவு செய்தோம். தந்தைக்குப் பின் மகன், மாமனாருக்குப் பின் மருமகன் என்று பேச்சாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடிக் கொண்டிருந்தார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். ஒலிவாங்கியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாரும் அப்பாவுக்கு அப்புறம் மகன்னுதான் பேசுறீங்க. இந்த ஊருல தம்பிக்கு அப்புறம் அண்ணன் வந்தாரே, அதைப் பத்தி யாராவது பேசுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

மேடையில் இருந்த யாருக்கும் உடனே பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. டி.ஆர்.சீனிவாசகம் பூங்காவில் ஊஞ்சல் ஆடி வளர்ந்தவள் நான். ஜாலான் எஸ்.பி.சீனிவாசகம் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு பெயருக்கும் பின்னால் இருக்கும் கதையை நான் முழுமையாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. அந்த வெட்கம்தான் என்னைத் தேட வைத்தது. அடுத்த கருத்துமேடையில் நான் ஆற்றிய உரையை இங்கே எழுத்து வடிவில் தருகிறேன்.

இரண்டு வழக்கறிஞர்கள்

எஸ்.பி.சீனிவாசகம் அண்ணன், டி.ஆர்.சீனிவாசகம் தம்பி. யாழ்ப்பாண வழித்தோன்றல்களான ஈப்போ தமிழர்கள். இருவரும் சட்டம் படித்தவர்கள். ஒரே ஊரில் வழக்கறிஞர் தொழில் செய்தவர்கள். 1953-ஆம் ஆண்டு அவர்கள் முன்னின்று தொடங்கிய கட்சிக்குப் பேராக் முற்போக்குக் கட்சி என்று பெயர். அதுதான் பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி, அதாவது நாம் சுருக்கமாகச் சொல்லும் பிபிபி ஆனது.

அன்றைய பேராக்கைக் கொஞ்சம் கண்முன் கொண்டு வாருங்கள். நம்மவர்களில் பெரும்பகுதியினர் பால்மரத் தோட்டங்களில் இருந்தார்கள். ஈப்போவைச் சுற்றிலும் ஈய லம்பங்கள். அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டோரம் வாழ்ந்த சீனக் குடும்பங்களை அரசாங்கம் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றியிருந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட புதுக்கிராமங்கள் ஏராளம். ஊரடங்கு, அடையாள அட்டைச் சோதனை, குடியுரிமைச் சிக்கல், உரிமம் இல்லாமல் கடை போட்ட வழக்கு என்று அந்த மக்களுக்கு ஓயாத தொல்லை. அத்தகைய மக்களுக்கு முதலில் தேவைப்படுபவர் யார்? தங்கள் பக்கம் நின்று பேச ஒரு வழக்கறிஞர்.

அந்த இடத்தில் இந்தச் சகோதரர்கள் நின்றார்கள். அதனால்தான் உலகத்தில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒன்று ஈப்போவில் நடந்தது. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்களாக இருந்த தொகுதிகளில் இரண்டு தமிழர்கள் மீண்டும் மீண்டும் வென்றார்கள்.

உடனே வந்துவிட்ட வெற்றி அல்ல அது. 1955-ஆம் ஆண்டு முதல் பொதுத் தேர்தலில் மொத்தம் 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணிக் கட்சி வாரிக்கொண்டு போனது. பிபிபிக்கு ஓர் இடம்கூட இல்லை. நாடு சுதந்திரம் பெற்றதும் ஈப்போ உறுப்பினராக இருந்த லியோங் இயூ கோ மலாக்காவின் ஆளுநரானார். காலியான அந்த இடத்திற்கு 1957-ஆம் ஆண்டு இறுதியில் நடந்த இடைத்தேர்தலில் டி.ஆர். வென்றார். 1959-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பிபிபிக்கு நான்கு நாடாளுமன்ற இடங்கள் கிடைத்தன. ஈப்போவில் தம்பி, மெங்லெம்புவில் அண்ணன். மெங்லெம்பு என்றால் இன்று நமக்கு வேர்க்கடலைதான் ஞாபகம் வரும். அன்று அந்தப் பெயரைக் கேட்டால் எஸ்.பி.யும் நினைவுக்கு வருவார்.

தம்பி பேசினார், அண்ணன் நிர்வகித்தார்

தம்பிக்கு நாடாளுமன்றம்தான் களம். சீனமும் தமிழும் அதிகாரத்துவ மொழிகளாக ஏற்கப்பட வேண்டும் என்று அவருடைய கட்சி வாதாடியது. 1964-ஆம் ஆண்டு அவர் அன்றைய அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு சுமத்தினார். நாடாளுமன்றத்திற்குள் பேசினால் வழக்குப் போட முடியாது. துணிவிருந்தால் வெளியில் வந்து சொல்லட்டும் என்று சவால் விடப்பட்டது. டி.ஆர். வெளியில் வந்து, கோலாலம்பூரில் பொதுக்கூட்டத்தில் அதையே சொன்னார். அமைச்சர் மானநட்ட வழக்குப் போட்டார், தோற்றார். 1965-ஆம் ஆண்டு பதவி விலகினார். மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஓர் அமைச்சரை நீதிமன்றத்தில் சந்தித்து வென்ற நிகழ்ச்சி இந்த நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

அண்ணனுக்கு நகராண்மைக் கழகம்தான் களம். இதைத்தான் நாம் மறந்துவிட்டோம். அந்தக் காலத்தில் நகர மன்றத்திற்கும் தேர்தல் உண்டு. 1951-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனில் தொடங்கிய அந்தத் தேர்தல் முறை பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஈப்போ நகர மன்றத்தைப் பிபிபி கைப்பற்றியது. 1962-ஆம் ஆண்டு ஈப்போ நகராண்மைக் கழகத் தகுதி பெற்றது. அதன் தலைவராக இருந்து ஊரை நடத்தியவர் எஸ்.பி.சீனிவாசகம்.

சாக்கடை, குப்பை, சந்தை, தெருவிளக்கு, அங்காடிக் கடை உரிமம் ஆகியவைதான் நகராண்மைக் கழகத்தின் வேலை. மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கும் விஷயங்கள் அல்ல. ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் மக்கள் கண்ணில் படுவது இவைதான். அவர் காலத்தில் நாட்டிலேயே மிகத் தூய்மையான நகரம் என்ற பெயரை ஈப்போ எடுத்தது. இன்றும் ஈப்போவின் மூத்த குடிமக்களிடம் பேச்சுக் கொடுத்தால், அந்தப் பெருமையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

தம்பியின் குரல் நாடெங்கும் கேட்டது. அந்தக் குரலுக்கு ஈப்போவில் வேர் பிடித்துக் கொடுத்தது அண்ணனின் நிர்வாகம். "இவர்களுக்குப் பேசத்தான் தெரியும்" என்று எதிரிகள் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஊரே அத்தாட்சியாக இருந்தது.

பூட்டப்பட்ட கதவு

1963-ஆம் ஆண்டுதான் இந்த நாட்டில் கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் அந்தத் தேர்தல்களை நிறுத்தி வைத்தது. தற்காலிகம் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. இருந்த உறுப்பினர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். ஆனால் மக்களிடம் போய்ப் புதிதாக வாக்குக் கேட்கும் வாய்ப்பு போய்விட்டது.

அதே 1965-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஜார்ஜ்டவுன், சிரம்பான், ஜொகூர் பாரு, பத்து பகாட் போன்ற மன்றங்களின் மீது எழுந்த முறைகேட்டுப் புகார்கள் அதற்குக் காரணமாயின. அந்த வரிசையில் ஈப்போ இல்லை. ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். 1968-ஆம் ஆண்டு அந்த ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஊராட்சித் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரின் தலைமையில் வந்த பரிந்துரை அது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்தபோது அந்தக் கதவுக்கு நிரந்தரப் பூட்டு போடப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். சீனிவாசகம் குடும்பத்தின் உண்மையான அரசியல் சொத்து அந்தப் பெயர் அல்ல. மக்கள் வாக்களித்துக் கொடுத்த நகராண்மைக் கழகம்தான் அந்தச் சொத்து. அது கைநழுவிக் கொண்டிருந்த நேரத்தில்தான் தம்பியின் இடத்திற்கு அண்ணன் வர நேர்ந்தது.

இரண்டு மாதங்களில் வந்த சோதனை

1969-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டி.ஆர்.சீனிவாசகம் திடீரென்று காலமானார். அவருக்கு வயது 47. பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதங்கூட இல்லை. தம்பி விட்டுச் சென்ற தலைமையை அண்ணன் ஏற்றார்.

வாரிசு என்றால் பதவிக்காகக் காத்திருப்பவர் என்று நினைக்கிறோம். எஸ்.பி. எதற்காகவும் காத்திருந்தவர் அல்ல. கட்சியைத் தொடங்கிய நாளிலிருந்து உடன் உழைத்தவர். தம்பியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று ஊரைக் கவனித்தவர். தம்பி வளர்ந்ததைப் பார்த்த அண்ணனே தம்பியின் நாற்காலியில் அமர்வது எவ்வளவு கனமான காரியம் என்பதை, தம்பியைப் பறிகொடுத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மே 10-ஆம் தேதி தேர்தல் நடந்தது. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக் கட்சிக்கு 19 இடங்கள்தான். பிபிபிக்கு 12, ஜனநாயகச் செயல் கட்சிக்கு 6, கெராக்கானுக்கு 2, பாஸ் கட்சிக்கு 1. நாடாளுமன்றத்தில் 1964-இல் இரண்டாகக் குறைந்திருந்த பிபிபியின் இடங்கள் மீண்டும் நான்காயின. கூட்டிக் கழித்துப் பாருங்கள். மாநிலத்தில் எதிரணியினர் 21 பேர். எல்லாரும் ஒன்றுசேர்ந்தால் பேராக்கில் ஆட்சி மாறியிருக்கும். அந்த அணியின் பெரிய கட்சி பிபிபி.

ஆனால் மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, 1971-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. எண்ணிக்கை கணக்கெல்லாம் அந்த மூன்று நாளிலேயே பொருளற்றுப் போய்விட்டது.

1972: சரியா, தவறா?

கலவரத்திற்குப் பின் துன் அப்துல் ரசாக் எதிர்க்கட்சிகளை அரவணைக்கத் தொடங்கினார். 1972-ஆம் ஆண்டு பினாங்கில் கெராக்கானும் பேராக்கில் பிபிபியும் கூட்டணிக் கட்சியோடு சேர்ந்து மாநில ஆட்சி நடத்த உடன்பட்டன. அடுத்து பாஸ் கட்சியும் வந்தது. 1974-ஆம் ஆண்டு தேசிய முன்னணி உருவானது. பிபிபி அதன் உறுப்புக் கட்சியானது.

எஸ்.பி. செய்தது சரியா? மேடையில் இதைக் கேட்டபோது அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

முதலில் அவர் பக்கத்து நியாயம். இரத்தம் சிந்திய நாடு அது. மோதல் போதும் என்று நினைத்தவர்கள் ஏராளம். எதிர்க்கட்சியாகவே இருந்தால் ஊருக்கு எதையும் செய்ய முடியாது. நகராண்மைக் கழகத் தேர்தலும் இல்லை. ஊரை நடத்திப் பழகியவருக்கு வெறும் பேச்சாளராக இருக்க மனம் வருமா?

இப்போது வாக்காளர்கள் பக்கத்து நியாயம். அவர்கள் இந்தக் குடும்பத்திற்கு வாக்களித்தது கூட்டணிக் கட்சியை எதிர்த்துக் கேட்பதற்காக. அவர்களிடம் கேட்காமலேயே கட்சி மறுபக்கம் போய்விட்டது. "எங்கள் வழக்கறிஞர் எதிர்த்தரப்பு மேசையில் உட்கார்ந்துவிட்டாரே" என்றுதானே அவர்கள் நினைத்திருப்பார்கள்?

தீர்ப்பு 1974-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வந்தது. தேசிய முன்னணி நாடு முழுவதும் மாபெரும் வெற்றி பெற்றது. ஆனால் பிபிபிக்கு மிஞ்சியது ஒரே ஒரு நாடாளுமன்ற இடம். 1959-ஆம் ஆண்டிலிருந்து தம்மை அனுப்பி வைத்த மெங்லெம்புவிலேயே எஸ்.பி.சீனிவாசகம் தோற்றார். ஜனநாயகச் செயல் கட்சி அங்கே வென்றது. மறு ஆண்டு, 1975-இல், அவரும் காலமானார்.

அதே காலத்தில் அதே முடிவை எடுத்த கெராக்கான் ஏன் பிழைத்தது? இந்தக் கேள்விதான் முக்கியம். கெராக்கான் கையில் பினாங்கு முதலமைச்சர் பதவி இருந்தது. டாக்டர் லிம் சோங் இயூ மாநிலத்தையே நடத்திக் காட்ட முடிந்தது. அதனால் 2008-ஆம் ஆண்டு வரை அந்தக் கட்சி அங்கே நிலைத்தது. பிபிபிக்குப் பேராக்கில் ஆட்சித் தலைமை இல்லை. ஆட்சியில் ஒரு பங்குதான். காட்டுவதற்கு வேலை இல்லாமல், காட்டுவதற்குப் பெயர் மட்டும் இருந்தது. பெயரை வைத்து எத்தனை நாள் வியாபாரம் செய்ய முடியும்?

பிற்காலத்தில் டத்தோ எம்.கேவியஸ் தலைமையில் அக்கட்சி 2004-ஆம் ஆண்டு தைப்பிங்கில் ஒரு நாடாளுமன்ற இடத்தை வென்றது. 2008-இல் அதையும் இழந்தது. 12 சட்டமன்ற இடங்களோடு பேராக்கில் தலைநிமிர்ந்து நின்ற நாள் திரும்பவே இல்லை.

தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன?

"ஈப்போ டவுன் கதையைச் சொல்லுகிறீர்களே, தோட்டத்தில் இருந்த நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி.

ஈப்போவிலிருந்து வடக்கே போனால் சுங்கை சிப்புட். அங்கே வேறொரு தலைவர், துன் வீ.தி.சம்பந்தன். தோட்டம் வைத்திருந்த வீராசாமி அவர்களின் மகன். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தேசியத் தலைவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவருக்குப் பின்னும் அந்தச் சங்கம் நிலைத்தது. தலைவர் போன பிறகும் நிற்கும் அமைப்பு என்றால் அதுதான்.

நகரத்தில் சீனிவாசகம் சகோதரர்கள், தோட்டத்தில் துன் சம்பந்தன். அரசியலில் எதிரெதிர் அணி. ஆனால் இருவர் கதையும் சொல்வது ஒன்றுதான்: மக்கள் கையில் ஓர் அமைப்பைக் கொடுத்தவர்தான் நிற்பார்.

தோட்டம் என்பது தனியார் நிலம். லயத்து வீட்டுச் சாக்கடையும் விளக்கும் துரையின் பொறுப்பு. நகர மன்றத்திற்கு அங்கே வேலை இல்லை. எங்கள் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவியவர். 1980-களில் அந்தத் தோட்டம் விற்கப்பட்டதும் எங்கள் குடும்பம் புந்தோங்கில் வாடகை வீட்டுக்கு வந்தது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக நம்மவர்கள் நகரவாசிகள் ஆனார்கள். தெருவிளக்கு, குப்பை லாரி, கடை உரிமம், கோயில் நிலம், மயான நிலம் என்று எல்லாவற்றுக்கும் நகராண்மைக் கழகத்தை நாட வேண்டி வந்தது. ஆனால் அந்தக் கழகத்திற்கு வாக்களிக்கும் உரிமை அதற்குள் போய்விட்டிருந்தது. நாம் நகரத்திற்கு வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது.

அதனால்தான் சின்னச் சின்னக் காரியத்திற்கும் நாம் ஒரு தலைவரைத் தேடி ஓடுகிறோம். "அவரைப் பிடித்தால் காரியம் ஆகும்" என்ற பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது. அந்தப் பழக்கம்தான் வாரிசு அரசியலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. தலைவரைப் பிடித்து வாழ்ந்தவன், தலைவர் போனதும் அவர் வீட்டிலேயே இன்னொருவரைத் தேடுவான்.

அந்தக் கதவைத் திறக்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பினாங்கு மாநிலம் 2012-ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றியது. 2014-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றத்தில் அது தோற்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டு பேராக்கில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி விலகியதால் மாநில ஆட்சியே கவிழ்ந்ததை நாம் பார்த்தோம். 2022-ஆம் ஆண்டு கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் அது கட்சியை விட்டுப் போகும் தனி உறுப்பினரைத்தான் பிடிக்கும். ஒரு கட்சியே முழுதாக அணி மாறினால் அதைத் தடுக்காது. 1972-இல் எஸ்.பி. செய்ததை இன்றும் ஒரு கட்சி செய்யலாம். அன்றைக்கு மெங்லெம்பு மக்கள் செய்தது போல, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாக்காளர்கள்தாம்.

பெரியவருக்குப் பதில்

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். தம்பிக்குப் பின் அண்ணன் வந்தார், ஐயா. தகுதியோடுதான் வந்தார். அவருக்குத் தகுதியைக் கொடுத்தது தம்பியின் பெயர் அல்ல. அவர் சுத்தமாக வைத்திருந்த இந்த ஊர். அந்த ஊர்ப் பொறுப்பை மக்கள் வாக்கால் மீண்டும் பெறும் வழி அடைபட்ட பிறகு, தம்பியின் பெயரால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே, அடுத்த தேர்தலில் ஒரு வேட்பாளர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், "நீங்கள் யாருடைய மகன்?" என்று கேட்காதீர்கள். யாருடைய மகன் என்பதற்காக அவரைத் தள்ளவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். "இதுவரை எந்த வேலையை நடத்திக் காட்டினீர்கள்? ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்களா?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்.

ஒளிப்பதிவு முடிந்த அன்று மாலை அந்தப் பூங்காவிற்குப் போனேன். என் சிறு வயதில் அதைக் 'கொரோனேஷன் பார்க்' என்று பழைய பெயரால் சொல்லும் பெரியவர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடிக் கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியிடம், "பெயர்ப் பலகையில் இருப்பவர் யார் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். உட்கார்ந்து, தம்பியின் கதையையும் அண்ணனின் கதையையும் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.